எழுபத்தொரு பேர்

மார்ச் 3

அன்புள்ள சம்பந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர. உங்கள் மகள் என் மகனை என்னைவிட நன்றாகவே அதட்டுகிறாள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

போனில் பேசலாமே என்பீர்கள். போன முறை நம் பிள்ளைகள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவர்கள் மாதிரி உட்கார்ந்துகொண்டார்கள். வரியைப் பற்றி நாம் போட்ட சண்டையில் ஜெயித்தது யாரென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. என் மகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

நகர மன்றத்தின் வரவுசெலவைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு நூலை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். இருபத்தாறு வருடமாகப் பத்திரிகையில் இருக்கிறேன், வரவுசெலவு என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். இதை ஒரே மூச்சில் படித்தேன். என் வரியில் தெருவிளக்குக்கு எவ்வளவு போகிறது, குடிநீர்க் குழாய் மாற்றக் கடன் வாங்குவது ஏன் தப்பில்லை, எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நிதி அலுவலருக்கு இப்படி எழுத வருமா! ‘எங்க சம்பந்தி எழுதினது’ என்று அலுவலகம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

ஒரே ஒரு குறை. மாலைநேரக் கல்வி மையத்தில் படிப்பவர்கள் எழுபத்தொரு பேர் என்று பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஆளுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் தலைசுற்றுகிறது. இருபத்துநான்காம் தேதி மன்றம் மையத்தை மூட முடிவெடுக்கப்போகிறது. எங்கள் அலுவலகத்தில் தரை துடைக்கும் அம்மா அங்கேதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். ‘உக்கார இடமே கிடைக்கலம்மா’ என்கிறார். எழுபத்தொரு பேருக்கா இடமில்லை? கொஞ்சம் பாருங்களேன்.

அன்புடன்,
உங்கள் மகளின் மாமியார்


மார்ச் 5

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் பாராட்டை என் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டாள்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் நாளிதழில் உங்கள் பக்கத்தைத்தான் முதலில் பிரிப்பேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற தைரியம் வேறு எந்தப் பக்கத்திலும் எனக்குத் தென்படவில்லை.

ஆனால் எழுபத்தொன்று சரிதான். முன்பெல்லாம் ஆசிரியர் பதிவேட்டில் குறி போடுவார், வராதவர்களும் வந்ததாக ஆகிவிடும். இப்போது மையத்தின் வாசலில் ஒரு திரை. வருகிறவர் தன் போன் எண்ணைத் தட்டினால்தான் கதவு திறக்கும். ஒருவர் பத்து முறை வந்தாலும் ஒருவர் என்றுதான் எண்ணும். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே நான்தான். இயந்திரத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது. உங்களைப் போன்றவர்கள்தான் எதைக் கண்டாலும் ஓட்டை தேடுகிறீர்கள்!

ஒரு சேதி, உங்களோடு இருக்கட்டும். தலைமை நிதி அலுவலர் பதவிக்கு என் பெயர் போயிருக்கிறது. மாதக் கடைசியில் தெரியும். மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம், உடனே ஊரைக் கூட்டிவிடுவாள்.

அன்புடன்,
பெண்ணைப் பெற்றவன்


மார்ச் 11

அன்புள்ள சம்பந்திக்கு,

நேற்று மாலை ஆறு மணிக்கு நானே மையத்துக்குப் போனேன். உங்கள் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கள் அலுவலக அம்மா, அவர் மகள், அவர் தங்கை, மூன்று பேரும் வந்தார்கள். மூன்று பேரும் ஒரே எண்ணைத் தட்டினார்கள்.

“எங்க மூணு பேருக்கும் ஒரே போன்தானேம்மா. முதல்ல நான் தட்டுவேன், அப்புறம் அவ, அப்புறம் இவ. கதவு திறக்குது, உள்ள போறோம். அது எங்களை எண்ணுதா இல்லையான்னு நாங்க என்னத்தைக் கண்டோம்?” என்றார்.

அவர்கள் மட்டுமில்லை. கணவனும் மனைவியும் ஒரே எண். ஒரு கடையில் வேலை பார்க்கும் ஐந்து பேருக்குக் கடை எண். வகுப்பு வகுப்பாகப் போய்த் தலைகளை எண்ணினேன். இருநூற்றெட்டு. உங்கள் இயந்திரம் ஆட்களை எண்ணவில்லை, போன்களை எண்ணியிருக்கிறது.

ஞாயிறன்று இதை வெளியிடுகிறோம். எந்த அதிகாரிக்கும் பதில் சொல்ல மூன்று நாள் கொடுப்பது எங்கள் வழக்கம். உங்களுக்கும் அதேதான். இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

அன்பு மாறாத,
சம்பந்தி


மார்ச் 12

மதிப்புக்குரிய செய்தி ஆசிரியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் மகள் வாழும் வீட்டிலிருந்து இப்படி ஒன்று வருமென்று நான் நினைக்கவில்லை.

மாதக் கடைசியில் என் பதவி முடிவாகிறது என்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். பதினைந்து நாள் பொறுங்கள். எண்ணைச் சத்தமில்லாமல் நானே திருத்திவிடுகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். போன மாதம் முதல் பக்கத்தில் ‘எழுபத்தொரு பேருக்கு இவ்வளவு செலவா?’ என்று கொட்டை எழுத்தில் போட்டது யார்? மன்றத்தில் உறுப்பினர்கள் தூக்கிக் காட்டியது என் நூலை அல்ல, உங்கள் நாளிதழை.

இப்படிக்கு,
நிதி அலுவலர்


மார்ச் 12, மாலை

சம்பந்திக்கு,

தலைப்பு வைத்தது நான்தான். ஆனால் எண் உங்களுடையது, அன்று எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை. அரசு அலுவலகம் கொடுத்த எண்ணை அச்சிடுவது எப்படி எங்கள் தவறாகும்?

பதினைந்து நாள் பொறுத்தால் மையத்துக்குப் பூட்டு போட்டிருப்பார்கள். அப்புறம் எண்ணைத் திருத்தி யாருக்கு என்ன? ஞாயிறன்று செய்தி வரும். உங்கள் பதிலில் நீங்கள் என்ன எழுதினாலும் ஒரு எழுத்து குறைக்காமல் போடுகிறேன்.

உங்கள் மகள் தேநீர் கொண்டுவந்து, “அத்தை, அப்பாகூட சண்டையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

சம்பந்தி


மார்ச் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முந்தாநாளும் நேற்றும் மாலையில் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு நோட்டில் எழுதினேன். ஒருவர் என் தோளைத் தட்டி, “சார் புதுசா? பயப்படாதீங்க, முதல் வாரம்தான் கஷ்டமா இருக்கும்” என்றார். மனைவியின் போன் எண்ணைத் தட்டி வரும் அந்த மனிதரை இயந்திரம் எண்ணவே இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

அச்சிட வேண்டிய பதில் இது:

‘எழுபத்தொன்று என்பது தவறு. சரியான எண்ணிக்கை இருநூற்றுப் பத்தொன்பது. ஒரு போன் எண்ணுக்கு ஒரு ஆள் என்ற விதியை வகுத்தவன் நான். ஒரு வீட்டுக்கே ஒரு போன்தான் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. குற்றம் இயந்திரத்துடையது அல்ல, என்னுடையது. மன்றத்துக்கும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.’

போன கடிதத்தை நான் தொடங்கிய விதத்தை மன்னியுங்கள்.

பெண்ணைப் பெற்றவன்


மார்ச் 25

என் அருமைச் சம்பந்திக்கு,

நேற்று மன்றத்தில் மையத்தை மூடுவதில்லை என்று முடிவானது. நானே போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனதையும் அங்கேதான் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வந்து உங்கள் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் அழுதாள்.

பத்து நாளாக ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. ஞாயிறன்று வந்த செய்தியில் உங்கள் தவறு முழுசாக இருந்தது. எங்கள் தலைப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் உங்கள் பதிலில் அதை எழுதியிருக்கலாம். ஒரு எழுத்து குறைக்காமல் போடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன், போட்டுத்தான் ஆகவேண்டும். ஊரில் பாதிப் பழி என் பக்கம் திரும்பியிருக்கும், பதவிகூட உங்களுக்குக் கிடைத்திருக்கும். அவ்வளவும் தெரிந்தும் நீங்கள் எழுதவில்லை. என் பக்கத்தைத் தைரியமான பக்கம் என்றீர்கள். அந்த வாரம் தைரியம் உங்களிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

இன்றைய நாளிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். போன மாதம் அந்தத் தலைப்பு வந்த அதே இடத்தில், அதே கொட்டை எழுத்தில், என் பெயரோடு போட்டிருக்கிறேன்: அந்த எண்ணைச் சரிபார்க்காமல், மையத்தின் வாசலைக்கூட மிதிக்காமல் தலைப்பு வைத்தவள் நான். முதலாளி மத்தியானம் கூப்பிட்டிருக்கிறார். என்ன சொல்வாரோ தெரியாது, பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் என் மகனிடம், “உன் வாழ்க்கையிலேயே நீ செஞ்ச ஒரே உருப்படியான காரியம் இந்தக் கல்யாணம்தான்டா” என்றேன்.

“அவளுக்காகவாம்மா சொல்றே?” என்று பூரித்துப்போய்க் கேட்டான்.

“அவ அப்பாவுக்காக” என்றேன்.

என்றும் உங்கள்,
சம்பந்தி