டிரம்மில் நிற்கும் பெர்சிமன்

இன்று பிரிட்ஜைக் காலி செய்தேன். ஓசூரில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட எல்லாம் கட்டியாகிவிட்டது. பிரீசரை இழுத்தால் உங்கள் ஐஸ் தட்டுகள் பனி மூடிக் கிடக்கின்றன. இருந்தவரைக்கும் அதில் வேறு எதற்காவது இடம் விட்டீர்களா?

இமாச்சலத்துக்கு லோடு ஏற்றிப் போனவர், ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு குச்சியோடு லாரியை விட்டு இறங்கினீர்கள். "பெர்சிமன் அம்மிணி. தக்காளியாட்ட இருக்கும், தேனாட்ட இனிக்கும்." நாமக்கல் வெயிலில், மொட்டைமாடியில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் நட்டீர்கள். குளிர் பட்டால்தான் காய்க்கும் என்று யாரோ சொல்லப்போய், மார்கழி முழுக்க வேருக்கு ஐஸ்கட்டி வைத்தீர்கள். தெருவே சிரித்தது. நான் ஒருபடி மேலே போய், காய்க்காத மரத்துக்கு ரோஷம் வரட்டும் என்று உங்கள் பழைய செருப்பைக் கிளையில் கட்டினேன். "எஞ் செருப்பக் கட்டுனா எனக்குத்தான் ரோசம் வரும்" என்றீர்கள். மரத்துக்கு வரவில்லை.

அது சிரிப்போடு போயிருக்கலாம். படுக்கையில் விழுந்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதப் பழம் பாக்காம இத உட்டுட்டுப் போயிராத சாமி" என்றீர்கள். சரிங்க என்றேன். போகப்போகிற புருஷனிடம் வேறு என்ன சொல்வது?

அதிலிருந்து ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் இரவு தங்கியதில்லை. மாடி வெயிலில் டிரம் ஒரே நாளில் காய்ந்துவிடும். பேத்தி பிறந்தபோதுகூட முகம் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன். "அந்த மரத்தையே கட்டீட்டு அழுவுங்கம்மா" என்றாள் மகள். உங்கள் மீது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தையில் அது இலை கொட்டி மொட்டையாக நின்றபோதுதான் துணிந்தேன். இது காய்க்காது. காய்ந்தால் காயட்டும், கோடை வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுகிறேன்.

கடைசியாக ஒரு குடம் ஊற்றிவிட்டு வரலாம் என்று இப்போது மாடி ஏறினேன். புதிதாகத் துளிர்த்திருந்த இலைக்காம்போரத்தில் ஒரு பூ வாடி, அந்த இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பிஞ்சு. ஒன்றே ஒன்று. கிள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. நகம் வரைக்கும் வந்துவிட்டது, கை அழுந்தவில்லை.

மகளுக்குப் போன் செய்தேன். "ஒரு பிஞ்சு புடிச்சிருக்குது. பழுக்கற வரைக்கும், ஐப்பசி வரைக்கும் பொறுத்துக்க சாமி."

"நீங்க வரமாட்டீங்கம்மா" என்று வைத்துவிட்டாள்.

அடிக்கிற காற்றில் இது உதிர்ந்துவிட வேண்டும் என்று மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன், மாமா. வேண்டிவிட்டு, குடத்துத் தண்ணீரை வேர் நனைய ஊற்றினேன்.