தராசின் மேல் குற்றமில்லை

அன்புள்ளவளே,

நம் சின்னவளுக்கு வயிற்றில் பூச்சி. டாக்டர் மாத்திரை தந்துவிட்டார், பயமில்லை.

நம் கடையின் மூட்டைத் தராசில் அவள் எடை ஏறாதபோது, தராசையே இரண்டு தரம் பழுது பார்த்தவன் நான். பிறகு உன் சமையலைக் குறை சொன்னேன். "அப்ப நீங்களே ஊட்டிப் பாருங்க" என்று நீ பிறந்த வீட்டுக்குப் போனாய். ஊட்டினேன், அப்போதும் ஏறவில்லை. அவள் சாப்பாட்டில் பங்கு பூச்சிக்குப் போயிருக்கிறது.

மாத்திரையை நீட்டியதும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"என்னடி வேணும்?"

"'தப்பு என்னோடது'ன்னு நீங்க அம்மாகிட்ட சொல்லணும். தாத்தா முன்னாடி."

"தனியா சொல்றேனே?"

"அப்ப மாத்திரை வேணாம்."

சந்தையில்கூட இப்படியொரு பேரத்தை நான் கண்டதில்லை.

மாத்திரை உள்ளே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் அப்பா முன்னால், உரக்க, ஒரே தரம்.

உன் வீட்டுக்காரன்