சாம்பிள் பையில் கடைசி இடம்

வீட்டுக்காரிக்கு,

நம் நைட்டிகளைக் கடை கடையாகக் காட்டும் ரெப், நேற்று சாம்பிள் பையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பதறாதே, நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

அவர் வேறு கம்பெனி துணியையும் சுமக்கிறார். அதைப் பார்த்துக் கடைக்காரர் கொட்டாவி விடும்போதுதான் நம்முடையது வெளியே வரும்.

"உங்க சரக்கு எடுபடலண்ணே. சாயம் போகும்னு பயப்படுறாங்க."

"வேற ஒருத்தன் தாலி கட்டினப்புறம் நம்ம மாப்பிள்ளையைக் காட்டினா யாருய்யா பொண்ணு குடுப்பா?"

சிரித்துவிட்டார். அவர் போனால் இந்த ஊர்க் கடைகள் மொத்தமும் நமக்கில்லை. நான் ஊர் திரும்புவதும் தள்ளிப்போகும்.

நம் சரக்கிலேயே நீ உடுத்தித் துவைத்த பழைய நைட்டி அனுப்பு. சாயம் நிற்பதைக் கடைக்காரர்கள் பார்க்கட்டும். இரண்டாகவே அனுப்பு, ஒன்று என்னிடம் இருக்கட்டும்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. பேசி முடித்தது இதுதான்: இனி நம் சரக்கு முதலில் வெளியே வரும், அவருக்குக் கமிஷன், எட்டுக்குப் பதில் நூற்றுக்குப் பத்து.