நாலாவது ஆள்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புத் தங்கச்சி வெரோனிகாவுக்குச் சின்னண்ணன் எழுதுவது. இங்கே நானும் கிள்ளானில் பெரியண்ணன் ரேமண்டும் மாதா புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தைத்தான் தினமும் செபத்தில் கேட்கிறோம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து நீ போனில் பேசியதை ரேமண்ட் அண்ணன் சொன்னார். சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிவிட்டதாம், இந்தக் கோலத்தில் கிறிஸ்மசுக்கு ஊர்ப்பக்கம் வரமாட்டாயாம். நல்ல கதை! எங்கள் இரண்டு பேர் தலையில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கோபத்தில் அன்றைக்கு நான் காப்பிகூடக் குடிக்கவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம் எழுதுகிறேன்.

என் எழுபதாவது பிறந்தநாளுக்கு மகள் சமந்தா வாங்கித் தந்த கேமரா இப்போது கழுத்தை விட்டு இறங்குவதே இல்லை. ஆரம்பத்தில் எடுத்த படங்களில் ஆளுக்குத் தலை இருக்காது. தலை இருந்தால் குறுக்கே என் விரல் இருக்கும். இப்போது தேறிவிட்டேன். பூக்கடைத் தங்கமணி, "அங்கிள், டெய்லி பூவையே எடுக்கிறீங்க, என்னையும் ஒண்ணு எடுங்க லா" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். கடையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள்! இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யார் கண்டது.

நம் ரயில்வே குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தையும் எடுக்கப் போனேன். இப்போது எல்லாம் உயரமான கட்டடம். அம்மா துணி காயப்போட்டது எங்கே, நீ விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட லோங்காங் சாக்கடை எந்தப் பக்கம் ஓடியது, ஒன்றும் பிடிபடவில்லை. மனசு கனத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவின் பிஸ்கட் டின்னைத் திறந்து, பழைய படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். நாம் மூன்று பேர் மட்டும் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. மூன்று பேராகப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் முதலில் போய்விடுவார் என்று அம்மாவுக்கு அப்படி ஒரு பயம். கடைக்குட்டி நீதான் எப்போதும் நடுவில். ஜெயராஜ் மாமா கேமராவைத் தூக்கியதும் அம்மா தெருவுக்கு ஓடி நாலாவது ஆளைப் பிடித்து வருவார். ஒரு படத்தில் ரொட்டி விற்கும் பாய், ஒன்றில் ஐஸ் விற்கும் சீனக் கிழவர். யாரும் கிடைக்காத அன்று நாய் டோமியைத் தூக்கி உன் கையில் திணித்து, "நாலு ஆச்சு, இப்ப எடுங்க" என்றாரே! பங்குச் சாமியார் திட்டியும் கேட்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அழுதேன், மறைப்பானேன்.

இந்தக் கிறிஸ்மசுக்கு நாம் மூன்று பேர் மட்டும் ஒரு படம் எடுக்க வேண்டும். பெரியண்ணனிடம் சொன்னதும் பதறிவிட்டார். "வேணாம்டா, தங்கச்சி இருக்கிற நிலைமையில நமக்கு ஏன் இந்த வம்பு? பக்கத்து வீட்டுக் குகனையும் கூப்பிட்டு நிறுத்திக்கலாம்" என்கிறார். இத்தனை வருஷம் கண்டவனையும் கூட்டி நிறுத்தினது போதும் என்றேன். எடுக்கவும் ஆள் வேண்டாம். பொத்தானை அமுக்கிவிட்டு ஓடிவந்து நின்றால் கேமரா தானே எடுத்துக்கொள்ளும். போன வாரம் அவர் வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தோம். உனக்காக ஒரு நாற்காலி போட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்றோம். முழங்கால் வலியோடு நான் ஓடிவந்த அழகைப் பார்த்துச் சிரித்ததில் அண்ணன் முகம் மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. அந்தப் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நாற்காலி நடுவில் இருக்கிறதே என்று பயந்துவிடாதே. பழக்கதோஷத்தில் அப்படிப் போட்டுவிட்டோம். நீ வந்ததும் அதை ஓரத்துக்கு நகர்த்திவிடுவேன். தலையில் முக்காடு போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, நீ ஓரமாக உட்கார்ந்துகொள். நடுவில் நான் நிற்கிறேன்.

வந்துவிடு, பாப்பா. மாதா உன்னைக் கைபிடித்துக் கூட்டி வரட்டும்.

உன் சின்னண்ணன்,
ஸ்டானிஸ்லாஸ்