செம்பருத்திக்குப் போன சேதி

12.8.1996, திங்கள்

சனிக்கிழமை மகள் செல்விக்குக் காய்ச்சல் கண்டதும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்காதே என்று சொன்னது நான்தான். காய்ச்சல் பால் பிள்ளைக்கு ஆகாது, யார் காலிலும் மிதிபடவும் கூடாது. அவள் பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் வாங்கிச் செம்பருத்திச் செடி மூட்டில் ஊற்றினேன். புட்டிப்பால் குடித்த பேரனுக்கு இன்று காலையிலிருந்து வயிற்றோட்டம். துவண்டுவிட்டான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

"இந்தக் காய்ச்சலுக்குப் போய் யாரும்மா பாலை நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

"எங்கம்மாதான். செடிக்கு ஊத்துதாவ," என்று செல்வி போட்டுக்கொடுத்தாள்.

பால் வெறும் சாப்பாடு இல்லையாம். தாயின் உடம்பு கிருமியோடு சண்டை போடும்போது, பிள்ளையின் உடம்புக்குச் சேதி சொல்லும் நுண்ணிய பொருட்களும் பாலில் போகுமாம். பெயர் கேட்டேன். சீட்டின் பின்னால் 'சைட்டோகைன்' என்று எழுதித் தந்தார்.

"பிள்ளை வயித்துல அது செரிச்சுப் போயிராதா டாக்டர்?"

"நல்ல கேள்விதான். அதை இன்னும் முழுசாக் கண்டுபிடிக்கலை. மருந்துக் கரைசலையும் கொடுங்க, முதல்ல பிள்ளையைத் தாய்கிட்டக் குடிக்க விடுங்க."

வீட்டுக்கு வந்தால் புட்டி பழகியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆண்டாளை வேண்டிக்கொண்டே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருவழியாகக் கவ்வினான். ஒரே மூச்சாகக் குடித்துவிட்டுத் தூங்குகிறான்.

இரண்டு நாள் சேதியையும் செம்பருத்திக்கல்லவா சொல்லியிருக்கிறேன். அது என்னவென்று புரிந்துகொண்டதோ. விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.