மரக்கடை வாசல் ஜாயின்ட்

அன்பு மகனுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்ற நினைப்பில்தான் தொடங்குகிறேன். பேத்திக்கு முன்பல் விழுந்த படத்தைத் தங்கை காட்டினாள், சிரிக்கும்போது உன் அம்மாவின் வாய் அப்படியே இருக்கிறது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்வீட்டுக் கொடியில் காயும் சட்டைக்குப் பொத்தான் எத்தனை என்று இங்கிருந்தே சொல்கிறேன், முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. குளியலறைக் குழாய் ஒழுகியது, பிளம்பர் மூன்று முறை வந்து மூன்று முறையும் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான், கடைசியில் நானே நூல் சுற்றி இறுக்கிவிட்டேன். இதற்கு எதற்குக் கடிதம், போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்வாய், எனக்குக் கோபம் வரும், வைத்துவிடுவேன். காகிதத்தோடு நீ குறுக்கே பேச முடியாது. உட்கார்ந்து கடைசி வரை படி.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலை அகலப்படுத்த வேலை நடந்தது. வாசலுக்கு வலது பக்கம் நீயும் நானும் கடைசியாகப் புதைத்த, கண்ணாடி இழைகளை ஒட்டி வைத்த ஃபைபர் ஜாயின்ட் பெட்டி புது மதிலுக்குக் குறுக்கே நின்றது. அதைப் பத்தடி தள்ளி வைக்கக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் அவளைச் சிட்டு என்று கூப்பிடுகிறார்கள், அவ்வளவு சின்ன உருவம், குழிக்குள் இறங்கினால் தலைமுடி மட்டும்தான் தெரிகிறது. ஸ்கேன் அறையில் வேலையிலிருந்த உன் தங்கைக்குச் சாப்பாடு கொண்டு போனவன் நான், குழியைக் கண்டால் கால் நின்றுவிடுமே, நின்றேன். அவள் பழைய பெட்டியைத் திறக்கவே இல்லை. இரண்டு பக்கமும் கேபிளை வெட்டி, பெட்டியை இடிபாட்டோடு தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, புதுப் பெட்டியில் வரைபடப்படி நிறத்துக்கு நிறம் ஒட்டினாள். சுத்தமான கை. வெள்ளை இழையை வெள்ளையோடு ஒட்டும் மெஷினில் வைத்தபோது நான் இரண்டு எட்டு முன்னால் போனேன். அந்தப் பழைய பெட்டிக்குள் வெள்ளை மஞ்சளோடும் மஞ்சள் வெள்ளையோடும் ஒட்டியிருந்தது, அதைத் தெரிந்தவர் உலகத்தில் இரண்டே பேர், நீயும் நானும். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் உன் பேர் வரும் என்று நினைத்தேன். லைன் வராவிட்டால் அவர்களே மாற்றிப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பலகை மாட்ட ஏணியில் ஏறியவர், தலை அடிபட விழுந்துவிட்டார். உன் தங்கைதான் ஸ்கேன் எடுத்தாள். இங்கே மூளைக்கு டாக்டர் கிடையாது, படம் அந்த ஃபைபர் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே இருப்பவர் பார்த்து இங்கேயே மண்டையில் துளை போட்டு ரத்தத்தை எடுக்கலாமா, அனுப்ப வேண்டுமா என்று சொல்வார். அரை மணி நேரத்தில் லைன் வரும் என்றார்கள். ஒரு மணி ஆகியும் வரவில்லை. சிட்டு மெஷினை வைத்து ஒவ்வொரு இழையாகப் பார்த்தாள், எந்த இழையிலும் உடைசல் இல்லை, வெளிச்சம் போகிறது. வெளிச்சம் போகும், அதில் குறையில்லை. வெள்ளையில் பேச வேண்டும், மஞ்சளில் கேட்க வேண்டும். இப்போது வாயோடு வாயும் காதோடு காதும் வைத்தால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும். ஆஸ்பத்திரிக்குள் லைன் வாங்கும் மெஷின் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று கம்பெனி சூப்பர்வைசர் முடிவு கட்டி, வேறு பெட்டிக்கு ஆள் அனுப்பினார். உன் தங்கை செல்போனில் படத்தைப் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தாள், இந்த மங்கலை வைத்து மண்டையில் கை வைக்க முடியாது என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள். பேக்கரிக்காரர் மனைவி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கையில் இருந்த மாவைக்கூடக் கழுவாமல் வந்திருந்தாள், அது காய்ந்து உதிர உதிர அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணே, அந்த லைன் எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும். தெரியாது என்று தலையாட்டினேன்.

இனிமேல் காத்திருக்க முடியாதென்று அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள், இரண்டு மணி நேர ரோடு. வண்டி திரும்பியதைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. சிட்டுவிடம் போய், வெள்ளையையும் மஞ்சளையும் மாத்திப் போட்டுப் பாரும்மா என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள், இரண்டு இணைப்பைப் பிடுங்கி மாற்றிக் குத்தினாள், லைன் வந்துவிட்டது. மூன்று மணி நேரம் வராதது மூன்று நிமிஷத்தில் வந்தது. வெளியே வந்து, “பெரியவரே, மாத்திப் போடணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டாள். குருட்டாம்போக்கில் சொன்னேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் குருட்டாம்போக்கு இப்போது அவள் கழுத்துக்குக் கயிறாகிவிட்டது. வரைபடத்தில் எல்லாம் நேர் என்று போட்டிருக்கிறது, நேரான லைனை மாற்றிக் குத்தினால்தான் வேலை செய்கிறது என்றால் நீதானே மாற்றி ஒட்டியிருக்கிறாய் என்கிறார்கள் கம்பெனியில். பெட்டியைத் திறந்து பாருங்கள், நிறத்துக்கு நிறம் சரியாக இருக்கிறது என்கிறாள். திறந்தால் ஆஸ்பத்திரி லைன் மறுபடி நின்றுவிடும், உன் பேச்சை நம்பித் திறக்க முடியாது என்கிறார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வருகிற வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை. பேக்கரிக்காரருக்கு அங்கே ஆபரேஷன் ஆயிற்று, உயிர் இருக்கிறது, பேச்சு வரவில்லை. நேரத்தோடு பார்த்திருந்தால் வந்திருக்குமா என்று உன் தங்கை டாக்டரைக் கேட்டாளாம், அதை இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றாராம்.

நீ மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். பதினான்கு வருஷம் ஆகிறது, மரக்கடை வாசல் குழி, கேட்டிலிருந்து பதினோரு எட்டு நடை. உனக்கு இருபத்திரண்டு வயது, தனியாகப் போட்ட முதல் ஜாயின்ட், நான் மண்வெட்டி ஆள். மதியம், மழை பிடித்துக்கொண்டது. நம் நீல பிளாஸ்டிக் ஷீட் கிழிந்திருந்தது என்று மரக்கடையில் கேட்டு மஞ்சள் ஷீட்டை வாங்கி வந்து உன் தலைக்கு மேல் கட்டியவன் நான். அதன் அடியில் உலகமே மஞ்சளாக இருந்தது, வெள்ளை எது மஞ்சள் எது என்று யாருக்குத் தெரியும். மறுநாள் சோதித்தபோது வெள்ளையில் விட்ட வெளிச்சம் மஞ்சளில் வந்தது. அதற்குள் ரோடு போடுகிறவர்கள் குழிக்கு மேல் கான்கிரீட் கொட்டிவிட்டார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்று நீ அழுதாய். அப்புறம் ஆஸ்பத்திரி வாசல் பெட்டியில் வேண்டுமென்றே மறுபடி மாற்றி ஒட்டினாய், கடைசியில் எல்லாம் நேராகிவிட்டது. குறுக்கே போய் நேரானா என்னப்பா, வெளிச்சம் வந்து சேர்ந்தாச்சுல்ல என்றாய். நானும் பிள்ளை கெட்டிக்காரன் என்று சிரித்தேன். வரைபடத்தில் நேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். உனக்கு எழுதி வைத்து மறக்க வழியிருந்தது, எழுத்துத் தெரியாத எனக்கு அது இல்லை.

இந்த இடத்தில் உன் தங்கை பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இவ்வளவு நேரம் இவளுக்கும் தெரியாது. திரும்பி வந்து, “அந்த அம்மாவுக்கு மூணு மணி நேரம் தண்ணி கொடுத்துக்கிட்டிருந்தது நான்பா, நீங்க அதே பெஞ்சில உக்காந்திருந்தீங்க” என்றாள். அதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

நேற்று சிட்டு வீட்டுக்குப் போனேன். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, படுக்கையில் ஒரு அப்பா, சாப்பாட்டு மேசை மேல் அவளுடைய வேலைப் பை இன்னும் கட்டியபடியே இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. குருட்டாம்போக்குக்கு உங்க கண்ணு ரொம்பத் தெளிவு பெரியவரே என்றாள், அதற்குக் கத்தியிருக்கலாம். ஒட்டியது நானே என்று வியாழக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றேன். சிரித்தாள். “மண்ணு வெட்டினவர் கையில மெஷினை யாரு கொடுத்தாங்கன்னு கேட்பாங்க. பரிதாபப்பட்டு வந்து பொய் சொல்றார்னு எழுதிக்குவாங்க. கையெழுத்துப் போட்டவர் சொன்னாத்தான் அது எடுபடும்” என்றாள். உன் போன் நம்பரைக் கேட்கவில்லை. நான் கொடுக்க எடுத்தேன், வேண்டாம், அவரே பேசட்டும் என்றாள்.

அங்கே உன் கீழே நாற்பது பேர் இந்த வேலையைப் படிக்கிறார்கள், இது வெளியே வந்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னை மறைத்துக்கொண்டு அவளைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று நாலு நாள் படுத்துப் படுத்து யோசித்துவிட்டேன், இல்லை. கூரியர்காரர் திங்கட்கிழமை உன் கையில் கிடைக்கும் என்கிறார். உனக்கு மூன்று நாள் இருக்கிறது. விசாரணை செய்கிறவரின் நம்பரும் அந்த வரைபடத்தின் நம்பரும் கூட வைத்திருக்கும் சீட்டில் இருக்கின்றன. மஞ்சள் ஷீட்டைக் கட்டியவன் அப்பா என்பதையும் சேர்த்தே சொல், விட்டுவிடாதே. வியாழக்கிழமை ஒன்பது மணி வரை நீ பேசிவிட்டாய் என்ற சேதிக்குக் காத்திருப்பேன். வராவிட்டால் நான் போய் மரக்கடை வாசலை உடைத்துப் பாருங்கள் என்று சொல்வேன். நம்பாவிட்டால் பதினோரு எட்டு அளந்து, அந்தக் கான்கிரீட் மேலேயே உட்கார்ந்துவிடுவேன், உடைக்கிற வரை எழுந்திருக்க மாட்டேன். உன் வாயால் வந்தால் அது நீ ஒத்துக்கொண்ட தப்பு, என் வாயால் வந்தால் பெற்றவன் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தது. எனக்கு அந்த இரண்டாவதைச் செய்யத் தைரியம் இருக்கிறது, செய்ய வைக்காதே.

மருமகளிடம் மறைக்காமல் சொல், தனியாகச் சுமக்காதே. பேத்தியை இனிப்பு அதிகம் தின்ன விடாதே, புதுப்பல் முளைக்கிற நேரம். நீ எத்தனை வயதானாலும் என் பிள்ளை, உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும், உன் கை நடுங்காமல் இருக்க வேண்டும், நல்லபடியாக இரு. வேலை போனால் இங்கே உனக்கு ஒரு அறை இருக்கிறது, கூட்டிப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு)