தில்லைப் பால்

பதுளை,
12.10.2025

அன்பு மகள் கலாராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஜோர்தானில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை. இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம் என்று போனில் சொன்னது பொய். ஸ்பீக்கரில் போட்டு அவளும் பக்கத்திலேயே இருப்பதால் உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை, அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் றோசாலியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் தேயிலைத் தோட்டத்து ஆட்களெல்லாம் பஸ் பிடித்துத் தங்காலைப் பக்கம் கடலோரக் கண்டல் காட்டுப் பூங்காவுக்குப் போனோமே, மீன்கொத்தியும் நண்டும் படம் அனுப்பினேனே, அங்கேதான் நடந்தது. சேற்றுக்கு மேல் பலகைப் பாதை, இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் மரங்கள். கூட்டிப்போன ஆள் ஒரு மரத்தைக் காட்டி, இதைத் தொடாதீர்கள், பால் பட்டால் கண் போய்விடும் என்று சிங்களத்தில் சொன்னார். தமிழில் தில்லை என்பார்களாம். அவர் சொன்னது எனக்கு விளங்கியது, அம்மாவுக்குத்தான் சிங்களம் வராதே. அவளிடம் சொல்லத் திரும்பினேன், அதற்குள் தண்ணீரில் முதலை என்று யாரோ கத்த, மடையன் நான், அதைப் பார்க்க ஓடிவிட்டேன். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை சும்மா இருக்குமா, பளபளவென்று இருந்த அந்த மரத்துத் துளிரைக் கண்டதும் கிள்ளிவிட்டாள். அதே கையால் முகத்து வியர்வையையும் துடைத்துக்கொண்டாள். எரியுது எரியுது என்று பலகையிலேயே உட்கார்ந்தவளை அந்த ஆள்தான் ஓடிவந்து தண்ணீர் ஊற்றிக் கழுவினார். இடது கண் தெளிந்துவிட்டது. வலது கண்ணில் நிழல்தான் தெரிகிறது, இனி அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோ வேண்டாம் என்று அவள் சொல்வது அதனால்தான். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் சரிவில் கால் தடுமாறுகிறது, கூடப் பறிக்கும் பெரியாயி கையைப் பிடித்துக்கொண்டு நிரையில் நிற்கிறாள்.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ஒருத்தரும் சொல்லலீங்க, என் கைதான் கெட்ட கை” என்று அந்தக் கையைத் தானே அடித்துக்கொள்கிறாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தரம் வாயெடுத்தேன், பயமாக இருக்கிறது மகளே.

வருகிற ஞாயிறு நீ பேசும்போது, அந்த ஆள் சொன்னது உங்களுக்கு விளங்கியதுதானே அப்பா என்று கேள். நீ கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேள், மறந்துவிடாதே.

உன் அப்பா
மாடசாமி